மரகதம் சிஸ்டர் எண்ணிய ஐந்து

வியாழக்கிழமை காலை, எண்டோஸ்கோப்பி அறையில் நான் ஈயக் கவசம் மாட்டிக்கொண்டு நின்றிருந்தபோது, மேசைமேல் என் கைப்பேசி அதிர்ந்துகொண்டே இருந்தது. எடுத்துப் பார்த்த டெக்னீஷியனின் முகம் மாறியது. வேலை முடிந்து நோயாளியை வெளியே அனுப்பிய பிறகுதான் அவர் சொன்னார். ஓய்வுபெற்றுக் கீழப்பழுவூரில் இருந்த மரகதம் சிஸ்டர் மாரடைப்பில் போய்விட்டார்.

பெரம்பலூரில் எங்கள் மருத்துவமனையில் அவரோடு பதினோரு ஆண்டுகள் வேலை பார்த்தேன். சரியாகச் சொன்னால், பதினோரு ஆண்டுகள் சண்டை போட்டேன். அவரைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல.

நோயாளி வந்ததும் மாத்திரைப் பையை அப்படியே கட்டிலில் கொட்டச் சொல்வார். சர்க்கரை மாத்திரை மட்டும்தான் என்று சாதித்த ஒரு பெரியவரின் பையிலிருந்து, இதயத்துக்காக ரத்தம் உறையாமலிருக்கத் தின்னும் மாத்திரையை எடுத்து என் முன்னால் வைத்தார். அது உடம்பில் இருக்கும்போது கத்தி வைத்திருந்தால் ரத்தம் நின்றிருக்காது. நான் நன்றி சொன்னதாக ஞாபகம் இல்லை.

வாய்வழியாகக் குழாய் விட்டுப் பித்தநாளக் கல்லை எடுப்பது எங்கள் வேலை. பித்தநாளமும் கணைய நாளமும் சிறுகுடலில் ஒரே வாசலில்தான் திறக்கின்றன. நாங்கள் விடும் கம்பி திரும்பத் திரும்பக் கணையத்துக்குள் போனால் அது வீங்கிவிடும், உயிரே போகலாம். கம்பி வழி தவறும் ஒவ்வொரு முறையும் சிஸ்டர் உரக்க எண்ணுவார். மூன்று ஆனதும், கணையத்தில் வைக்கும் சின்னக் குழாயின் உறையைப் பிரித்து நீட்டுவார். அதை வைத்தால் கணைய நீர் வடிந்துவிடும், ஆபத்து குறையும். எனக்கோ பற்றிக்கொண்டு வரும்.

வரதராஜன்பேட்டையிலிருந்து ஓர் அம்மா வந்திருந்தார். முந்திரித் தோப்பு வைத்திருக்கும் குடும்பம். அன்று "மூணு சார்" என்று சிஸ்டர் உறையை நீட்டியபோது நான் வாங்கவில்லை. பேசாமல் நில்லுங்கள் என்றேன். அவர் நின்றார், எண்ணுவதை மட்டும் விடவில்லை. நாலு, அஞ்சு. ஆறாவது முறை கம்பி சரியாகப் போனது, கல்லும் வந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மாலை நான்கு மணிக்கு அந்த அம்மாவுக்கு வயிற்றுவலி. வாயுதான், வீட்டுக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டேன். ஜெயங்கொண்டம் பஸ்ஸைப் பிடிக்கக் கணவர் பையைத் தூக்கிவிட்டார். அந்த அம்மாவின் கையில் மருந்து ஏற்றக் குத்தியிருந்த ஊசிக்குழாயைச் சிஸ்டர் கழற்றினால்தான் அவர்கள் கிளம்ப முடியும். அவர் கழற்றவில்லை.

"வாயுன்னா எழுந்து நடப்பாங்க சார். இவங்க குனிஞ்சி உக்காந்துட்டு அசையவே மாட்டேங்கிறாங்க. முதுகு வரைக்கும் வலிக்குதுங்கிறாங்க. ரத்தம் பாக்காம நான் கழட்ட மாட்டேன்."

ரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. கணையம் வீங்கியிருந்தது. ஒன்பது நாள் அந்த அம்மா தீவிர சிகிச்சையில் கிடந்தார். ஏன் இப்படி ஆயிற்று என்று கணவர் கேட்டபோது, சிலருக்கு இப்படி ஆவதுண்டு என்றேன். அது பொய்யும் அல்ல. சிஸ்டர் என்னைத் தனியே கூப்பிட்டார்.

"சில பேருக்கு ஆகும்னு சொன்னீங்க. அஞ்சு தடவ போச்சுன்னு சொல்லலியே சார். ஃபைல்ல நான் அஞ்சுன்னுதான் எழுதியிருக்கேன்."

மறுநாள் கணவரிடம் போனேன். மூன்றோடு நிறுத்தியிருக்க வேண்டும், என் வீம்பால் நிறுத்தவில்லை என்று சொன்னேன். "அவ பொழச்சி வரட்டும், அப்பறம் பேசிக்கறேன்" என்றார்.

பத்தாம் நாள் அந்த அம்மா கஞ்சி குடித்தார். ஊருக்குக் கிளம்பும்போது கணவர் சிஸ்டரிடம் மட்டும் சொல்லிக்கொண்டு போனார். என்னிடம் அவர் பிறகு பேசவே இல்லை. அது சரிதான் என்று இன்றும் நினைக்கிறேன்.

சிஸ்டர் ஓய்வுபெற்ற நாளிலிருந்து நானே எண்ணுகிறேன். அவர் எனக்கு விட்டுப்போனது அது ஒன்றுதான். வியாழக்கிழமை கைப்பேசி அதிர்ந்தபோது கம்பி இரண்டாம் முறை வழி தவறியிருந்தது. அவர் இல்லை என்று தெரியாமலே, "ரெண்டு" என்றேன். அடுத்ததும் தவறியது. "மூணு" என்று சொல்லிக் கையை நீட்டினேன். டெக்னீஷியன் உறையைப் பிரித்து என் கையில் வைத்தார்.

அந்த நோயாளி மறுநாளே நடந்து வீட்டுக்குப் போனார். ஃபைலில் மூன்று என்று என் கையாலேயே எழுதினேன்.