இத்தாலிக்குப் போன மல்லாட்டை

கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு ஆசிரியை நான். செங்கம் ரோட்டில் எங்கள் வீட்டு மாடியில் தங்கியிருந்த இத்தாலிப் பெண்மணி, தன் ஊரில் குழந்தைகள் நூலகம் ஒன்றைக் கவனித்துவந்தவர். ஒருநாள் என்னோடு பள்ளிக்கு வந்து, எங்கள் புத்தக அலமாரி முன் வெகுநேரம் நின்றார். "உங்கள் பிள்ளைகள் ஒரு புத்தகம் எழுதட்டும், எங்கள் பிள்ளைகள் ஒன்று எழுதட்டும். இரண்டையும் இரண்டு மொழியிலும் அச்சடிப்போம்" என்று ஆங்கிலத்தில் சொன்னார். தலையாட்டினேன். நடக்கும் என்று நம்பவில்லை.

பிள்ளைகள் தங்கள் ஊர் அறுவடையை எழுதிப் படமும் வரைந்தார்கள். நான் திருத்தினேன். மல்லாட்டை என்று வந்த இடத்திலெல்லாம் பாடநூலில் உள்ளபடி நிலக்கடலை என்று மாற்றினேன்.

அதைப் பார்த்து ஒரு மாணவி எழுந்தாள். வகுப்பில் வாயே திறக்காதவள்.

"டீச்சர், எங்கம்மா நிலக்கடலைனு சொல்லவே மாட்டாங்க."

"வெளிநாட்டுக்குப் போற புத்தகம்மா. நல்ல தமிழ்ல இருக்க வேணாமா?"

"அவங்களுக்கு ரெண்டுமே தெரியாதுங்களே டீச்சர். நம்ம பேரையே சொல்லிக் குடுத்துடலாம்ங்க."

என் திருத்தத்தை நானே அடித்தது அன்றுதான்.

அந்தப் பெண்மணி ஊர் திரும்பிய சில மாதங்களில் இரண்டு புத்தகங்களும் பார்சலில் வந்தன. இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் இத்தாலியம். அவர்கள் எழுத்திலும் அது மல்லாட்டையாகவே இருந்தது. பனி பெய்து பள்ளி மூடிய நாளைப் பற்றி அவர்கள் எழுதிய புத்தகம், ஒரே வாரத்தில் எங்கள் பிள்ளைகள் கையில் கிழிந்து, ஒட்டுப் போட வேண்டியதாயிற்று.

பிறகு என் போனில் வீடியோ அழைப்பு. மண்ணுக்குள் இருப்பது முற்றிவிட்டதென்று எப்படித் தெரியும் என்று அந்தப் பக்கம் ஒரு சிறுமி கேட்டாள். அந்தப் பெண்மணி ஆங்கிலத்தில் சொல்ல, நான் எங்கள் பிள்ளைகளிடம் தமிழில் கேட்டேன்.

"ஒரு செடிய புடுங்கி, காய ஒடச்சுப் பாப்போம். ஓட்டுக்கு உள்பக்கம் கருத்திருந்தா முத்திடுச்சுனு அர்த்தம்" என்றாள், அன்று எழுந்து பேசிய அதே மாணவி, நிதானமாக.

அங்கே பிள்ளைகள் குனிந்து அதை எழுதிக்கொண்டார்கள். நான் கற்றுக்கொடுத்த பதில் இல்லை அது. ஆனாலும் எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

அடுத்த நாள் அவள் அம்மா களத்துவேலையிலிருந்து நேராகப் பள்ளிக்கு வந்தார். கையைப் புடவையில் துடைத்துவிட்டுப் புத்தகத்தைப் புரட்டினார். மகள் வரைந்த ஒரு படத்தில் விரல் நின்றது.

"இது நான்தானுங்களே? எங்க தெருவுல காட்டணும் டீச்சர். ஒண்ணு குடுப்பீங்களா?"

இரண்டு பிரதிகளாகவே கொடுத்தேன்.