மாடு, பிறகு எதுவேனும், கன்று

கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் மழையைத் தலைகீழாக்கியது போல மேலே மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தன. மாத்தளைக் கடைத்தெருவில், கராம்பும் மிளகும் வாங்கும் ஒரு கடையின் மாடியில் இருந்தது, காசு கொடுத்துப் போன் பேசவும் ஈமெயில் பார்க்கவும் ஆட்கள் வரும் எங்கள் கொமியூனிகேஷன் கடை. கீழேயிருந்து வரும் வாசனையில் மத்தியான நேரங்களில் கண் செருகும். அப்படியொரு அரைத்தூக்கத்தில்தான் அந்த எழுத்து மழை எனக்கு இப்போதும் ஞாபகம் வருகிறது.

கணினியில் இருந்தவர் ராத்தா. முதலாளியின் தங்கை, என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர்; முஸ்லிம் வீடுகளில் அக்காவை ராத்தா என்பார்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட எனக்குப் போட்டோ கொப்பி மெஷின். எதற்கெடுத்தாலும் பயப்படுவேன். படியில் பூட்ஸ் சத்தம் கேட்டால் அடையாள அட்டையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். பயப்படுவதற்கு யாராவது சம்பளம் தருகிறார்களா என்று ராத்தா கேலி செய்வார்.

தேயிலைத் தோட்டத்துச் சனங்களுக்குச் சொந்தமாக ஈமெயில் முகவரி இல்லை. வளைகுடாவுக்குப் போனவர்கள் எல்லாரும் கடையின் ஒரே முகவரிக்கு, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்புவார்கள். யாருக்கென்று தலைப்பில் இருந்தால் அச்சடித்து வைப்போம். இல்லாதவை படிக்கப்படாமல் அப்படியே கிடக்கும். பெட்டி பெருத்துப்போய், வழக்கமான வழியில் திறந்தால் கணினி மூச்சுமுட்டி நின்றுவிடும். அப்போதெல்லாம் ராத்தா கறுப்புத் திரைக்குப் போய் ஒரு கட்டளை தட்டுவார். கேட்ட சொல் எந்தக் கடிதத்தின் எந்த வரியில் இருந்தாலும் அந்த வரி மட்டும் எழும்பி வரும். சொல் முழுதாகத் தெரியவேண்டும் என்றுகூட இல்லை. ஒரு புள்ளியும் ஒரு நட்சத்திரமும் போட்டால், அந்த இடத்தில் எதுவேனும் இருக்கலாம் என்று அர்த்தம். எதுவேனும் இருக்கலாம் என்பது எனக்கு எப்போதும் பயமான விஷயம். ராத்தாவுக்கு அது ஒரு வசதி.

ஒரு மழைநாளில் மேல் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். வெளிநாடு போகக் கொழும்புக்குப் புறப்பட்ட புருஷனிடமிருந்து இரண்டு மாதமாக ஒரு தகவலும் இல்லை. கொழும்பு லொட்ஜுகளைப் பொலிசும் ஆமியும் சுற்றிவளைத்துத் தமிழ் ஆட்களை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போன யுத்த காலம் அது. ஆள் விமானம் ஏறினாரா, ஜீப் ஏறினாரா என்பதுதான் அவளுக்குத் தெரியவேண்டும். பொலிசில் கேட்டும் பதிலில்லை.

பேரென்ன என்று ராத்தா கேட்டார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். புருஷன் பேரை வாயால் சொல்லும் வழக்கம் அவர்களிடம் இல்லை. அவருடைய அடையாள அட்டையை முன்பு கொப்பி எடுத்தது நான்தான் என்பதால், பேரை நான் சொன்னேன். ராத்தா தட்டினார். ஒன்றுமே வரவில்லை. அவள் பேரைப் போட்டுப் பார்த்தோம். அதுவும் இல்லை.

"ஒங்கள அவர் எப்பிடிக் கூப்பிடுவார்?"

"பேரு சொல்லியெல்லாம் கூப்பிட மாட்டாங்கக்கா. 'இந்தா'ன்னுவாங்க."

ராத்தா அதையே தட்டினார். திரை நிரம்பி வழிந்தது. எத்தனை தோட்டத்துப் புருஷன்மார், எத்தனை 'இந்தா'. பாலைவனத்திலிருந்து அத்தனை பேரும் ஒரே நேரத்தில் அடுப்படிப் பக்கம் திரும்பிக் கூப்பிடுவது போலிருந்தது. நாங்கள் மூவரும் சிரித்துவிட்டோம். அவள் சிரிப்புத்தான் முதலில் நின்றது.

"சரி, எழுதினா மொதல்ல என்னத்த விசாரிப்பார்?"

அவள் யோசிக்கவே இல்லை. "மாட்டத்தான். செனையா இருக்கறப்ப வுட்டுட்டுப் போனாங்க. என்னயவா விசாரிப்பாங்க?"

மாடு, பிறகு எதுவேனும், பிறகு கன்று. கன்றை மட்டும் அவர்கள் பேச்சில் வருவதுபோல 'கன்னு' என்று ராத்தா தட்டினார். கொஞ்ச நேரம் திரை சும்மா இருந்தது. ஓட்டில் மழை விழும் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு ஒரே ஒரு வரி எழும்பி வந்தது: மாடு நல்லபடியா கன்னு போட்டுச்சா.

அனுப்பியவர் யாரோ ஒருவர். தலைப்பே இல்லை. அந்த வரியின் முன்வரிகளையும் பின்வரிகளையும் ராத்தா எடுத்து, மெதுவாகப் படித்துக் காட்டினார். கொழும்பில் பிடித்து வைத்திருந்து விட்டுவிட்டார்களாம். விமானம் ஏறி, வந்து சேர்ந்து, வேலையும் தொடங்கிவிட்டதாம். கூட இருப்பவரைக் கொண்டு எழுதுவித்ததாம். கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேலாகியிருந்தது.

அவள் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு, "என்னயக் கேக்கவே இல்லியா?" என்றாள். கண்ணீர் வழிந்தபடியே இருந்தது.

பதில் எழுதும்போது, அது இன்னொருவரின் முகவரி என்பதால், யாருக்கென்று போடவேண்டும் என்றார் ராத்தா. அப்போதும் அவள் பேரைச் சொல்லவில்லை. "மாட்டுக்காரருக்குன்னு போடுங்கக்கா. கெடேரிக் கன்னுன்னு எழுதுங்க." ராத்தா அப்படியே எழுதினார். அதன்பிறகு வந்த அவர் கடிதங்கள் எல்லாம் அந்தப் பேர் தாங்கியே வந்தன.

இன்றைக்குக் கையிலிருக்கும் போனில் யாரையும் நொடியில் தேடிவிடலாம். ஆனாலும் கண்டிக்குப் போன மகனிடமிருந்து பதில் வரத் தாமதித்தால் போனை எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். எதுவேனும் இருக்கலாம் என்ற அந்த இடத்தில் நான் இன்னும் ஜீப்பைத்தான் வைத்துப் பார்க்கிறேன். அப்போதெல்லாம், அந்த மழைநாளுக்குச் சில வருஷம் கழித்துக் கடையில் வந்த ஒரு பின்னேரத்தை வலிய நினைத்துக்கொள்வேன். வெயிலில் கறுத்த ஒருவர் பெரிய பையோடு படியேறி வந்து, எதுவும் கேட்கத் தெரியாமல் வாசலில் நின்றார். ராத்தா திரையிலிருந்து தலையைத் தூக்கி அவரைப் பார்த்தார்.

"மாட்டுக்காரரா?"

அவர் ஆமாம் என்று தலையாட்டினார். படியில் அவருக்குப் பின்னால் நின்ற பெண் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.