திருப்பிக் கொடுக்காத முயல்

விளைச்சலுக்கு நன்றி சொல்லும் அறுப்பின் பண்டிகை ஏலத்தில் எங்கள் கிறிஸ்தவ சபைக்கு ஒரு பழக்கம் உண்டு. வாங்கியதை வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. கைதட்டல் அடங்குமுன் காணிக்கையாகத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். அது மறுபடி ஏலத்துக்கு வரும். ஒரே பூசணிக்காய் கிழக்குத் தாம்பரத்தில் பாதிப் பேருக்குச் சொந்தமாகியும் ஆலய வளாகத்தை விட்டு நகராது. பூசணிக்காய்க்கு வலிக்காது.

எண்பதுகளின் நடுவில் ஓர் ஆண்டு, யாரோ வெள்ளை முயல் ஒன்றைப் படைத்திருந்தார்கள். ஏலம் கூறியவர் ரயில்வேக்காரர், சபைக்கே அண்ணன். வண்டிச் சத்தத்தையே அமுக்கிவிடும் குரல். முயலின் காதைப் பிடித்துத் தூக்கிக் காட்டினார். பின்னங்கால்கள் காற்றை உதைத்தன. ஒருவர் வாங்கினார், திருப்பிக் கொடுத்தார். மறுபடி காது. இன்னொருவர் வாங்கினார், கொடுத்தார். மறுபடி காது. முயல் கத்தவில்லை. கத்தாத உயிருக்கு வலியே இல்லை என்று அந்தப் பந்தலே முடிவு கட்டியிருந்தது.

நான் கையைத் தூக்கினேன். டைப்பிஸ்ட் வேலைக்குச் சேர்ந்த புதிது.

"ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்! நம்ம தங்கச்சிக்கே!"

முயலை மடியில் வைத்துச் சேலைத் தலைப்பால் மூடினேன். என் விரல்கள் எந்த நாளும் அடிக்காத வேகத்தில் அதன் நெஞ்சு அடித்துக்கொண்டிருந்தது.

"குடும்மா, அடுத்த ரவுண்டு விடணும்."

"குடுக்க மாட்டேண்ணா."

"இன்னாம்மா இது? கர்த்தருக்குக் குடுத்தத வூட்டுக்குத் தூக்கினு போறியா?"

"வாங்கிட்டேன்ல? என்னோடது."

பின்வரிசையிலிருந்து ஒருவர், "வுடுண்ணா, அவங்க வூட்ல இன்னிக்கு பிரியாணி!" என்றார். பந்தல் குலுங்கிச் சிரித்தது. அம்மா என் முழங்கையைக் கிள்ளினாள். "மானத்த வாங்காதடி, குடுத்துத் தொலை."

எழுந்தேன். வரிசைகளுக்கு நடுவே நடந்தேன், கேட்டைத் தாண்டினேன். முதுகில் அத்தனை கண்கள். மடியில் ஒரு சூடு. சூட்டின் பக்கமே நின்றேன்.

முயலக்கா என்று பெயர் விழுந்தது. கேலிக்கு வைத்த பெயர்தான், ஆனால் அதுவே விலாசமும் ஆயிற்று. பிள்ளைகளுக்கு அலுத்துப்போன முயல்கள், ஜோடியாக வாங்கி வீடு கொள்ளாமல் பெருகிய முயல்கள், மாடம்பாக்கத்திலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் அட்டைப்பெட்டிகளில் என் வாசலுக்கு வந்தன. கொண்டுவந்தவர்களைச் சும்மா விட்டதில்லை. காதைப் பிடிக்காதீர்கள், ஒரு கை நெஞ்சுக்கடியில், ஒரு கை பின்புறத்துக்கடியில். வெறும் கேரட் போதாது, புல் வேண்டும் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டியது.

அடுத்த பண்டிகைக்கு முன் போதகரிடம் போனேன். உயிருள்ளதைச் சுற்றில் விடாதீர்கள் என்றேன். "காலங்காலமா வர்ற பழக்கம்மா" என்று புன்னகைத்தார். எனவே ஏலத்தன்று பாட்டு முடியுமுன்பே மேடையேறி மேசையருகே போய் நின்றேன். இந்த முறை பழுப்பு முயல். அண்ணன் கை நீட்டுவதற்குள் அதை அணைத்தெடுத்தேன்.

"இத நான்தான் தூக்குவேன். வாங்குறவங்க வளக்கணும். திருப்பிக் குடுக்கறதா இருந்தா கை தூக்காதீங்க."

"ஏலத்துக்கே கண்டிஷனா? பெரிய பேஜாரா கீதும்மா உன்னோட!"

சிரித்தார்கள். பிறகு ஒரு கையும் எழவில்லை. நானே ஏலம் கேட்டேன்.

"ஒரு தரம்," என்றார் சுரத்தில்லாமல். "ரெண்டு தரம்." பந்தலைச் சுற்றிப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மூணு தரம். முயலக்காவுக்கே. எறங்கிப் போம்மா, பூசணிக்கா கீது."

நான் இறங்கவில்லை. பூசணிக்காய்க்குப் பின்னால், துணி போட்டு மூடிய கூடை ஒன்று அசைந்துகொண்டிருந்தது.