அண்ணிக்குத் தைத்தது

பிறந்த வீட்டில் அவளுக்குப் பெயர் சின்னவள். தலை பாதி நரைத்த பிறகும் சின்னவள்தான். சைக்கிள் கடைக்கு மேல் ஓர் அறையில் மிஷின் போட்டுப் பிழைக்கிறாள். சட்டை, பாவாடை என்று யார் வந்து நின்றாலும் அடுத்த தெருவைக் கை காட்டிவிடுவாள். 'பெண்களுக்கான உள்ளாடைகள் அளவெடுத்துத் தைக்கப்படும்' என்று படிக்கட்டில் பலகை வைத்தபோது கட்டடச் சொந்தக்காரர், "நாலு குடும்பம் நடமாடுற தெரு. இப்படிப் பச்சையா எழுதணுமாம்மா?" என்றார். மறுநாளே எழுத்தைப் பெரிதாக்கிவிட்டாள். ஊர் வாய்க்கெல்லாம் மூடி தைக்கப் புறப்பட்டால் அவளிடம் அவ்வளவு துணி ஏது?

வேலையில் படு கறார். அளவெடுக்க நிற்பவர்கள் கூச்சத்தில் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். அந்த அளவை நம்பித் தைத்தால், உட்கார்ந்ததும் அது விலாவைக் கவ்வும். அதனால் நாடாவைச் சுற்றியபடியே யாராவது ஒரு மாமியார் கதையை எடுத்துவிட்டு, அவர்கள் சிரித்து மூச்சு விட்ட பிறகுதான் எண்ணைப் பார்ப்பாள். தைத்த ஒவ்வொரு தையலையும் முழங்கையின் உட்பக்கத்தில் தேய்ப்பாள். கொஞ்சம் உறுத்தினாலும் பிரித்துப் போடுவாள்.

"உள்ளே போடுறதுதானே, யார் பார்க்கப் போறா?" என்று கேட்டவர்களுக்கு அவளிடம் ஒரே பதில்தான். "பார்க்கிறவளுக்கா தைக்கிறேன்? போடுறவளுக்குத் தைக்கிறேன்."

அண்ணியின் தோளை அவள் பார்த்தது தற்செயலாக. அண்ணி பள்ளிக்கூட டீச்சர். நாள் முழுக்கக் கையைத் தூக்கிக் கரும்பலகையில் எழுதுகிறவள். சமையலறையில் வியர்வை துடைக்கும்போது கழுத்துப் பக்கம் துணி விலகியது. தோள்பட்டி பதிந்த இடம் பள்ளமாகி, கறுத்து, ஓரம் புண்ணாகியிருந்தது. பட்டிக்கு அடியில் கைக்குட்டையை மடித்துச் செருகியிருந்தாள்.

"என்ன அண்ணி இது?"

"ஏன், எல்லாருக்கும் இப்படித்தானே இருக்கும்?"

சின்னவளுக்கு வயிறு எரிந்தது. பாரத்தைத் தாங்க வேண்டியது மார்புக்குக் கீழே சுற்றும் அடிப்பட்டி. தோள்பட்டி சும்மா துணைக்கு. இதை அண்ணிக்கு இத்தனை வருடத்தில் ஒருவரும் சொல்லவில்லை. அங்கேயே, அடுப்புக்குப் பக்கத்திலேயே நிறுத்தி அளவெடுத்தாள்.

ஆண்டுக் கடைசி விடுமுறையில் அண்ணன் வீட்டில் எல்லோரும் கூடுவார்கள். கூடத்தில் வட்டமாக உட்கார்ந்து, பரிசுகளை ஒவ்வொன்றாகச் சபையில் பிரிப்பது அந்த வீட்டு வழக்கம். இந்த முறை அண்ணன் மகனுக்குப் பெண் கொடுத்த புது சம்பந்திகளும் வருகிறார்கள். அண்ணன் போன் செய்தார்.

"கடிகாரம், கிடிகாரம்னு எதையாவது வாங்கிட்டு வா. அந்தக் கண்றாவியைத் தூக்கிட்டு வந்தே, அப்புறம் இந்த வாசப்படி மிதிக்காதே."

அவளுக்கு இருக்கும் ஒரே உறவு அந்த வீடுதான். அண்ணி கையில் கமுக்கமாகக் கொடுத்துவிடலாமா என்றுகூட நினைத்தாள். உடனே தன் மேலேயே கோபம் வந்தது. இராப்பகலாகக் கண்ணைக் கொடுத்துத் தைத்தது என்ன திருட்டுச் சாமானா, கொல்லைப்பக்கமாகக் கொடுக்க? நல்ல தாளில் சுற்றி, ரிப்பன் கட்டி, கையில் பிடித்துக்கொண்டே போனாள்.

அண்ணியின் முறை வந்தது. "அதை அப்புறம் பிரிச்சுக்கலாம்" என்றார் அண்ணன்.

"இப்பவே பிரிங்க அண்ணி."

அண்ணி பிரித்தாள். வெண்ணிறப் பருத்தி, அகலமான அடிப்பட்டி, உள்பக்கம் ஒரு முடிச்சுகூடத் தெரியாத தையல். சம்பந்தி விட்டத்தைப் பார்த்தார். அவர் மனைவி மட்டும் கண்ணை எடுக்காமல் தையலைப் பார்த்தாள்.

"வெட்கம் கெட்டவளே!" அண்ணன் எழுந்துவிட்டார். "கிளம்பு முதல்ல."

"கிளம்பறேன். உன் பொண்டாட்டி தோள்ல வருஷக்கணக்கா புண்ணு இருக்கு. அதுக்கு இந்த வீட்ல ஒருத்தருக்கும் வெட்கமில்ல. மருந்தைக் கொண்டாந்தா மட்டும் வெட்கம் பொத்துக்கிட்டு வருதா?"

சொல்லிவிட்டுப் பையை எடுத்தாள். அண்ணி துணியை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அவ்வளவுதான், எல்லாம் முடிந்தது என்று சின்னவள் செருப்பை மாட்டினாள். அண்ணன் கூடத்து நடுவில் இடுப்பில் கை வைத்து நின்று, அவள் படியிறங்குவதற்காகக் காத்திருந்தார்.

கதவு திறந்தது. அண்ணி நிலைப்படியில் நின்று இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள், இறக்கினாள், மறுபடி தூக்கினாள். கண் கலங்கியிருந்தது.

"சம்பந்தியம்மா, கொஞ்சம் உள்ளே வாங்க. வலியே இல்ல."

சம்பந்தியம்மா புருஷனைத் திரும்பியும் பார்க்காமல் எழுந்து போனாள். பின்னாலேயே மருமகளும் போனாள். கூடத்தில் ஆண்களும் கிழிந்த தாளும்தான் மிச்சம். உள்ளே குசுகுசுப்பு, சிரிப்பு. பிறகு அண்ணியின் வகுப்பறைக் குரல் வீடு முழுக்கக் கேட்டது.

"சின்னவளே, எங்கே போறே? இவங்களுக்கும் அளவெடுக்கணுமாம், வா!"

சின்னவள் செருப்பைக் கழற்றிவிட்டு நேராக வந்தாள். வழியில் அண்ணன் இன்னும் அப்படியே நின்றிருந்தார்.

"தள்ளுண்ணா, வேலை இருக்கு."