ஜெர்மன்காரருக்குத் தைத்த கோட்டு

பெரிய காஞ்சிபுரத்தில் என் தையல் கடைக்கு வருபவர்கள் பெரும்பாலும் கல்யாண மாப்பிள்ளைகள். சினிமாவுக்கு நான் தைத்தது ஒரே ஒரு தடவைதான். ஓரிக்கைப் பக்கம் பாலாற்று மணலில் வெள்ளைக்காரன் காலத்துக் கதை ஒன்றைப் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். கலெக்டர் வேடத்துக்கு ஜெர்மனியிலிருந்து ஒரு நடிகரை வரவழைத்திருந்தார்கள். அறுபதைத் தாண்டியவர், ஆறடிக்கு மேல் உயரம். சென்னையிலிருந்து வந்த கோட்டு அவருக்கு மணிக்கட்டுவரை எட்டவில்லை.

"பாய், மூணு நாள்ல ஒரு வெள்ளைக் கோட்டு வேணும்பா" என்று படத்தின் மேனேஜர் அவரைக் கடைக்குக் கூட்டிவந்தார்.

நான் டேப்பை எடுப்பதற்குள் அவர் தோளைத் தளர்த்தி, கைகளைச் சற்று விலக்கி நின்றுவிட்டார். நிறைய அளவு கொடுத்துப் பழகிய ஆள் என்று தெரிந்தது. கல்லூரியில் படிக்கும் என் மகள் அப்போது கடையில் இருந்தாள். இந்தப் பழக்கம் எப்படி வந்தது என்று அவளை ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னேன்.

அவர் சொல்லச் சொல்ல அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அத்தா, இவரும் டைலராத்தான் இருந்தாராம்."

பதினெட்டு வயதில் அவர் தன் ஊர் நாடக அரங்கில் உடைகளைத் தேய்க்கவும் பொத்தான் தைக்கவும் சேர்ந்திருக்கிறார். ஒரு நாள் வேலைக்காரன் வேடம் போடுபவர் சைக்கிளிலிருந்து விழுந்து காலை உடைத்துக்கொண்டார். அந்த உடை வேறு யாருக்கும் சேரவில்லை, இவருக்குச் சேர்ந்தது. நாலு வரி வசனத்தோடு மேடை ஏறியவர் பிறகு இறங்கவே இல்லை. அதே மேடையில் ராஜா, திருடன், பாதிரியார் எல்லாம் ஆகிவிட்டார். சினிமாவில் மட்டும் எப்போதும் டாக்டர் வேடம்தானாம்.

"பஸ்ல போனா, முட்டி வலிக்குதுன்னு இவர்கிட்ட வந்து காட்டுறாங்களாம் அத்தா!"

மேடை ஓரம் மறைந்திருந்து வசனம் எடுத்துக் கொடுத்த பெண்தான் அவருடைய மனைவி. போனில் மனைவியை வீடியோவில் கூப்பிட்டு என் கடை முழுவதையும் காட்டினார். நான் வணக்கம் வைத்தேன். அந்த அம்மாள் என் தையல் மெஷினைப் பார்த்துக் கைதட்டினார்.

படப்பிடிப்பு அன்று நானும் மகளும் போயிருந்தோம். தண்ணீர் இல்லாத ஆற்றில் ஊர் ஜனங்கள் கூடி நிற்க, அவர் கையை ஓங்கி, "மழை பெய்யாதது யார் குற்றம்?" என்று தமிழில் அதட்ட வேண்டும். அவர் கழுத்தை நீட்டி, மார்பை நிமிர்த்தி நடந்துவந்தபோது எனக்கே பயமாக இருந்தது. கையை ஓங்கினார். அக்குள் தையல் டர்ரென்று விட்டுப் போயிற்று.

மேனேஜர் என்னைப் பார்த்துக் கத்தினார். "இன்னா பாய் இது? மானத்த வாங்கிட்டியே!"

எனக்குத் தலை நிமிரவில்லை. ஜெர்மன்காரரோ கோட்டைக் கழற்றிக்கொண்டு குடை நிழலில் உட்கார்ந்து, என்னிடம் ஊசி கேட்டார். மகளிடம் ஏதோ சொன்னார்.

"உங்க தப்பு இல்லியாம் அத்தா. அளவு எடுக்கும்போது இவர் இவராவே நின்னுட்டாராம். கலெக்டரா நின்னுருக்கணும்னு சொல்றாரு."

தையலுக்குள் மடித்து வைத்திருந்த ஓரத் துணியை நான் பிரித்துக் கொடுக்க, அவர் தைத்தார். சின்னச் சின்னத் தையல், ஒரே சீராக. அடுத்த முறை கோட்டும் நின்றது, வசனமும் வந்தது. சாப்பாட்டு நேரத்தில் என் மனைவி கொடுத்தனுப்பிய பிரியாணியை, மடியில் துண்டு விரித்து, கோட்டில் ஒரு பருக்கை படாமல் சாப்பிட்டார்.

இப்போதெல்லாம் மாப்பிள்ளைக்கு அளவு எடுத்தால், மாலை போடுகிற மாதிரி ஒரு தடவை கையைத் தூக்கச் சொல்கிறேன். வெட்கப்படுகிறார்கள், ஆனாலும் தூக்குகிறார்கள்.