குடமும் சேர்ந்ததே வில்

ஜஸீனாவுக்குச் சுருதியும் தெரியாது, தாளமும் தெரியாது. ஆனால் அவள் கட்டி அனுப்பிய பெட்டிக்குள் இதுவரை ஒரு கீறல் விழுந்ததில்லை. கோட்டாற்றுக்காரி. ஷார்ஜாவில் பதினோரு வருஷம் கார்கோ கம்பெனியில் சாமான் கட்டியவள். ஊர் திரும்பியபின் நாகர்கோவிலில் ஒரு சின்ன அறக்கட்டளையில் வேலை. நம்மூர் இசைக்கருவிகளை வெளிநாட்டு அருங்காட்சியகங்களுக்கு அனுப்புவார்கள். "பாட்டு கேக்காதவளுக்கு இந்த வேலையா?" என்று உறவுக்காரர்கள் கேலி செய்தால், "பெட்டி பாடாதுல்லா?" என்பாள்.

ஐரோப்பாவிலிருந்து முதன்முதலாக ஓர் அருங்காட்சியகம் வில்லுப்பாட்டு வில் கேட்டது. வில்லிசைக் கலைஞர் பகவதியப்பன், தானே செய்து, இருபது கோயில் கொடைவிழாக்களில் பாடிய வில்லையே தந்தார். அதோடு சேர்த்துக் கட்டும் மண்குடத்தைக் குயவர் பொன்னுலிங்கம் சூளையில் ஒவ்வொன்றாகத் தட்டிப்பார்த்து எடுத்துக் கொடுத்தார்.

பெட்டி அடிக்கும் நாளில் கடிதம் வந்தது. வில் மட்டும் போதுமாம். குடம் வெறும் தாங்கியாம், அங்கேயே ஏதாவது ஜாடி வாங்கிக்கொள்வார்களாம்.

பெட்டி அடிப்பதைப் பார்க்க வந்திருந்த பகவதியப்பன் எழுந்துவிட்டார். "கொடம் இல்லாம வில்லு போகாது மக்கா. நான் எடுத்துட்டுப் போறேன்."

வில் போகாவிட்டால் அறக்கட்டளைக்கு ஐரோப்பாவின் கதவு அடைபட்டுப்போகும். அலுவலகத்தில் எல்லோரும் அவரைச் சமாதானப்படுத்தப் பார்த்தார்கள். ஜஸீனாவுக்கோ அந்தக் கடிதத்தின் மேல்தான் கோபம்.

"இரிங்க அண்ணாச்சி. அவங்கள நான் பாத்துக்கிடுதேன்."

மூன்று மணிக்கு வீடியோவில் அருங்காட்சியகத்து அம்மாளை அழைத்தாள். முதலில் வில்லை வெறும் மேசையில் வைத்து அடிக்கச் சொன்னாள். வில்லில் கட்டியிருந்த மணிகள் சலசலத்தன, அவ்வளவுதான். பிறகு குடத்தின் கழுத்தில் வில்லைக் கட்டினார்கள். பகவதியப்பன் வீசுகோலால் நாணை அடிக்க, அவரோடு வந்திருந்த குடக்காரர் ராஜையன் பாக்குப் பாளையில் செய்த தட்டால் குடத்தின் வாயில் ஓங்கி ஒன்று வைத்தார். மேசைமேலிருந்த டீ கிளாஸ் அதிர்ந்தது. இத்தனை நாள் இதைக் கேட்காமல் இருந்துவிட்டோமே என்று ஜஸீனாவுக்கு வெட்கமாக இருந்தது.

அந்த அம்மாள் இன்னொரு தடவை அடிக்கச் சொன்னார். பிறகு பேனாவை எடுத்தார். "சரி. இரண்டு கருவிகள் என்று எழுதிக்கொள்கிறேன்."

"இரண்டில்லை," என்றாள் ஜஸீனா. "ஒன்று என்று எழுதுங்கள். செய்தவர்கள் பெயர்தான் இரண்டு."

எழுதினார்.

அன்று மாலையே பொன்னுலிங்கத்துக்குப் போன் செய்து, அவர் பெயர் கண்ணாடிப் பெட்டிக்குக் கீழே வரப்போகிறது என்றாள்.

"எனக்க பேரா?" என்றார் அவர். "அவ்வளவு தூரம் போற வழியில கொடம் ஒடைஞ்சு போச்சுன்னா?"

"ஒடையாது அண்ணாச்சி," என்றாள். "பெட்டி கெட்டுனது நானாக்கும்."