மூடி ஆறும்வரை எண்ணிய நாட்கள்

சூடான பிளாஸ்டிக் வாசனை தலைமுடியில் ஏறிவிட்டால் சீயக்காய்க்கும் மசியாது. புத்தூரில் நான் வேலை பார்த்த ஷெட்டில் காலையில் நுழைந்ததும் அந்த வாசனைதான் முதலில் மூக்கில் ஏறும்...

ஆந்திர ராஜ்யம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. மெட்ராஸுக்கும் அதற்கும் நடுவே எல்லை எங்கே என்பது மட்டும் முடிவாகவில்லை. எனக்கு இருபது வயது. நைனா படுத்த படுக்கை. என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிந்தது. தினமும் நகரியிலிருந்து பாசஞ்சர் ரயில்.

திருப்பதி கடைகளுக்குக் குங்குமச் சிமிழ் செய்வோம். எல்லாம் கை மெஷின். பிளாஸ்டிக் குருணையைக் கொட்டினால் சூட்டில் பாகாக உருகும். கைப்பிடியை இழுத்து அழுத்தினால் கீழே இருக்கும் இரும்பு அச்சுக்குள் பாகு இறங்கும்.

அப்புறம்தான் கஷ்டமான வேலை... சும்மா நிற்பது! இருபது எண்ணி, ஆறின பிறகு அச்சைத் திறக்க வேண்டும். அவசரப்பட்டால் மூடி கோணிக்கொள்ளும்.

பக்கத்து மெஷினில் ரத்னம்மா. திருத்தணிப் பக்கத்துத் தெலுங்குக்காரி, என்னைவிடப் பத்து வயது மூத்தவள். அவள் போடும் மூடி சிமிழில் கச்சிதமாக உட்காரும். என்னுடையது கோணிக்கொண்டே வந்தது.

ஒரு நாள் முதலாளி எல்லோர் முன்னாலும் கேட்டார்.

"ஏம்மா, எல்லைத் தகராறை என் மெஷின்ல காட்றியா? நாளைக்கும் கோணிச்சின்னா வேலைக்கு வராதே."

அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. நான் ஒழுங்காகத்தானே எண்ணினேன்?

ரத்னம்மா என் பக்கத்தில் வந்து நின்றாள். "வாய்விட்டு எண்ணு" என்றாள். நான் தமிழில் எண்ண, அவள் கூடவே தெலுங்கில் எண்ணினாள். ஒகட்டி, ரெண்டு, மூடு, நாலுகு...

நான் இருபதைத் தொட்டபோது அவள் பதினாறில்தான் இருந்தாள்.

யாரோ சிரித்தார்கள். அவள் முதலாளி பக்கம் திரும்பினாள்.

"இந்தப் பொண்ணு மேல தப்பு இல்லீங்க. அது பாஷைல நெம்பரு சின்னது. ஓடிக்கினே பூடுது."

"அப்போ தெலுங்குல எண்ணச் சொல்லு."

"எதுக்குங்க? தமிழ்லயே இருவத்தஞ்சு வரைக்கும் எண்ணட்டும், சாலு, போதும்."

அன்றிலிருந்து எனக்கு இருபத்தைந்து. அதன் பிறகு மூடி கோணவில்லை. வேலையும் நிலைத்தது.

பிறகு எல்லை முடிவானது. திருத்தணி மெட்ராஸோடு போனது. எங்கள் நகரியும் புத்தூரும் ஆந்திராவிலேயே நின்றன.

"இனிமே நம்ம ராஜ்யத்து ஆளுங்க போதும்" என்று முதலாளி ரத்னம்மாவிடம் சொல்லிவிட்டார். தெலுங்கு பேசுகிறவளை அனுப்பிவிட்டுத் தமிழ் பேசுகிற என்னை வைத்துக்கொண்டார்... அந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

அவள் என்னைப் பார்த்தாள். வாயைத் திறந்தால் என்னையும் அனுப்பிவிடுவாரோ என்று பயம். மூடி ஆறட்டும் என்று எண்ணிக்கொண்டே நின்றேன். தலை நிமிரவில்லை. எண்ணி முடித்துப் பார்த்தபோது பக்கத்து மெஷினில் ஆள் இல்லை.

போன மாதம் சத்தியவேடு பக்கம் பேத்தி வேலை செய்யும் கம்பெனியில் இதே வேலை நடப்பதைப் பார்த்தேன். மெஷினே ஊற்றி, ஆறவைத்து, வெளியே தள்ளிவிடுகிறது. எத்தனை செகண்ட் என்று ஸ்கிரீனில் ஓடுகிறது. யாருக்கும் கை சுடுவதில்லை, யாரும் யாரிடமும் திட்டு வாங்குவதில்லை. நல்லதுதான்.

எனக்கு மட்டும் அங்கே நிற்க முடியவில்லை...

எனக்காக அவள் பேசினாள். அவளுக்காக நான் பேசவில்லை. தேடிப் போய் மன்னிப்புக் கேட்கலாம் என்றால், திருத்தணிப் பக்கம் எந்த ஊர் என்றுகூட அவளிடம் நான் ஒரு நாளும் கேட்டதில்லை.